பிரான்ஸில் இரண்டாவது வீடு வைத்திருக்கும் பிரிட்டன்காரர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், பிரான்ஸின் தோர்தோஞிலோ பிரிட்டனியிலோ நார்மண்டியிலோ ஒரு வீடு. 2020 டிசம்பர் 31 வரை இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடிந்தது. நினைத்தபோது போவார்கள், வேண்டிய மட்டும் இருப்பார்கள், யாரும் நாள் எண்ணவில்லை. பிரெக்ஸிட் நடைமுறைக்கு வந்த பிறகு கேள்விகள் குவிகின்றன. எனக்குத் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிய தமிழர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

வீடு என் பெயரில் இருக்கிறது, வரியும் ஒழுங்காகக் கட்டுகிறேன். அப்புறம் ஏன் நாள் எண்ண வேண்டும்?

வீட்டுக்கு ஒரு சட்டம், ஆளுக்கு ஒரு சட்டம். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. பிரான்ஸில் எந்த நாட்டவரும் வீடு வாங்கலாம். ஆனால் அந்த வீட்டில் எத்தனை நாள் தங்கலாம் என்பதை உங்கள் பாஸ்போர்ட்தான் முடிவு செய்கிறது. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் குடிமக்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள். எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் பகுதியில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) இருக்கக் கூடாது. சொத்துப் பத்திரத்தைக் காட்டினாலும் இதில் ஒரு நாள்கூட அதிகமாகாது.

இதை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. 2023 கடைசியில் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குக் குடியேற்ற மசோதா வந்தபோது, சவோய் பகுதியின் செனட்டர் மார்ட்டின் பெர்த்தே, பிரான்ஸில் வீடு வைத்திருக்கும் பிரிட்டன்காரர்களுக்குத் தானாகவே நீண்டகாலம் தங்கும் உரிமை கொடுக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அது மசோதாவோடு சேர்ந்து நிறைவேறியும் விட்டது. ஆனால் 2024 ஜனவரி 25 அன்று அரசியலமைப்பு மன்றம், மசோதாவின் பொருளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி நீக்கிவிட்டது. “வீடு இருந்தால் விசா வேண்டாமாமே” என்று இன்றும் சிலர் சொல்லிக்கொண்டிருப்பது இந்தக் கதையின் முதல் பாதியை மட்டும் கேட்டதால்தான்.

90 நாள் கணக்கை எப்படிப் போடுவது? ஜனவரியில் புதிதாகத் தொடங்குமா?

தொடங்காது. பலர் தடுமாறுவது இங்கேதான். 180 நாள் என்பது காலண்டரில் இருக்கும் அரை வருடம் அல்ல, உங்கள் கூடவே நகர்ந்து வரும் காலம். நீங்கள் பிரான்ஸில் இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாளை எண்ணி, அதற்குள் எத்தனை நாள் இருந்திருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணம். குளிர்காலம் முழுக்க இங்கிலாந்தில் இருந்துவிட்டு ஏப்ரல் 1 அன்று போகிறீர்கள், மே 31 அன்று திரும்புகிறீர்கள். 61 நாள் ஆயிற்று, வந்த நாளும் போன நாளும் சேர்த்தி. மறுபடி ஆகஸ்ட் 1 அன்று போனால் மிச்சம் 29 நாள்தான், ஆகஸ்ட் 29 அன்று கிளம்பியாக வேண்டும். சரி, இலையுதிர் காலத்துக்கு எப்போது வரலாம்? ஏப்ரல் 1 என்ற அந்த முதல் நாள் 180 நாள் கணக்கிலிருந்து வெளியே விழுவது செப்டம்பர் 28 அன்று. அன்றிலிருந்து தினமும் ஒரு பழைய நாள் கழியும், ஒரு புதிய நாள் சேரும், அதனால் நவம்பர் 27 வரை தொடர்ந்து இருக்கலாம். செப்டம்பர் 25 அன்று, மூன்று நாள் முன்னால்தானே என்று வந்து இறங்கினால் அது மீறல். ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது, டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தேதிகளைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, இந்த 90 நாள் பிரான்ஸுக்கு மட்டும் ஆனதல்ல, ஷெங்கன் பகுதி முழுவதற்கும் சேர்த்து. ஸ்பெயினில் கழித்த விடுமுறை, ஜெர்மனியில் ஒரு கல்யாணம், பாரிஸில் லா ஷப்பல் பக்கம் அக்கா வீட்டில் தங்கிய வாரம் எல்லாம் இதற்குள்தான் வரும். அயர்லாந்தும் சைப்ரஸும் ஷெங்கனில் இல்லை, அங்கே இருந்த நாட்கள் சேராது. கணவன் மனைவியில் ஒருவருக்கு ஐரிஷ் அல்லது பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தால் அவருக்கு இந்தக் கணக்கே கிடையாது. பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தாலும் பாஸ்போர்ட் இந்தியாவுடையதோ இலங்கையுடையதோ என்றால், 90 நாளுக்குள் போய்வருவதற்கே ஷெங்கன் விசா வேண்டும்.

இரண்டு மூன்று நாள் கூடுதலாக இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

முன்பு அதிகாரி முத்திரைகளைப் புரட்டி எண்ண வேண்டும், பல நேரம் எண்ண மாட்டார். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய எல்லைப் பதிவு முறையில் கணினியே எண்ணுகிறது. முதல் தடவை கைரேகையும் முகப்படமும் எடுப்பார்கள் (12 வயதுக்குக் கீழே கைரேகை இல்லை), அந்தப் பதிவு மூன்று வருடம் இருக்கும். டோவர், ஃபோக்ஸ்டன், லண்டன் செயின்ட் பாங்கிராஸ் மூன்றிலும் பிரெஞ்சு அதிகாரிகள் இங்கிலாந்துப் பக்கத்திலேயே சோதிப்பதால் பதிவும் அங்கேயே நடக்கும், வரிசைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். நாள் மீறினால் அபராதமும் வரலாம், சில காலம் நுழையவே தடையும் வரலாம். அங்கே வீடு வைத்திருப்பவருக்கு நுழைவுத் தடை என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், கூரை ஒழுகினால்கூடப் போய்ப் பார்க்க முடியாது.

பாஸ்போர்ட்டையும் கவனியுங்கள். நுழையும் நாளில் அது கொடுக்கப்பட்டு 10 வருடம் ஆகியிருக்கக் கூடாது, திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பழைய பாஸ்போர்ட்டின் மிச்ச மாதங்களைப் புதியதில் சேர்த்துக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது, அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டோடு வந்து விமான நிலையத்திலேயே திரும்பியவர்கள் உண்டு. இது தவிர எட்டியாஸ் என்ற முன் அனுமதியும் வரப்போகிறது. 2026-இன் கடைசிக் காலாண்டில் என்று அறிவித்திருக்கிறார்கள், கட்டணம் 20 யூரோ. அது வந்தாலும் 90 நாள் 90 நாள்தான்.

எனக்கு 90 நாள் போதாது. என்ன வழி?

நீண்டகாலத் தற்காலிக விசா என்று ஒன்று இருக்கிறது, பிரெஞ்சில் சுருக்கமாக வே-எல்-எஸ்-தே. மூன்று மாதத்துக்கு மேல், ஆறு மாதம் வரை தொடர்ந்து இருக்கலாம். வசந்தத்தில் போய் கோடை முடியும்வரை தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க விரும்பும் ஓய்வுபெற்றவர்களுக்குச் சரியாகப் பொருந்தும். இந்த விசாவில் இருக்கும் நாட்கள் 90 நாள் கணக்கில் சேராது என்பது இதன் பெரிய வசதி.

பிரான்ஸ்-விசா இணையதளத்தில் படிவத்தை நிரப்பி, லண்டன், மான்செஸ்டர், எடின்பரோ என மூன்று இடங்களில் இருக்கும் விசா மையங்களில் ஒன்றுக்கு நேரில் போக வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பம் எடுத்துக்கொள்வார்கள். விசாக் கட்டணம் 99 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. வேலை செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழி, ஓய்வூதியச் சீட்டு அல்லது வங்கிக் கணக்கு விவரம், தங்கும் காலம் முழுவதற்கும் மருத்துவக் காப்பீடு, வீட்டுக்கு ஆதாரமாகச் சொத்துப் பத்திரம் அல்லது கடைசியாக வந்த சொத்துவரி ரசீது, இவற்றை வரிசையாக அடுக்கிக் கொண்டுபோனால் பெரும்பாலும் பிரச்சினை வராது. பாஸ்போர்ட்டை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள், இடையில் வேறு நாட்டுக்குப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த விசாவைப் பிரான்ஸில் இருந்தபடியே நீட்டிக்க முடியாது, ஒவ்வொரு வருடமும் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனாலும் நாளைத் திருட்டுத்தனமாகக் கூட்டுவதைவிட இதுவே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆறு மாதம் இருந்தால் பிரான்ஸில் வருமான வரி கட்ட வேண்டுமா?

183 நாள் தாண்டாவிட்டால் கவலையில்லை என்று எல்லோரும் சொல்வார்கள், அது முழு உண்மை அல்ல. உங்கள் குடும்பம் நிலையாக எங்கே இருக்கிறது, முக்கியமான தொழில் எங்கே, பணத்தின் மையம் எங்கே என்றும் பிரெஞ்சு வரித்துறை பார்க்கும். குடும்பமும் வீடும் வருமானமும் பிரிட்டனில் இருந்து, பிரான்ஸ் வீடு விடுமுறைக்கு மட்டும் என்றால் நீங்கள் பிரிட்டன் வரிவாசிதான். இரு நாடுகளுக்கும் இடையே 2008-இல் கையெழுத்தான இரட்டை வரி ஒப்பந்தம் மேற்கொண்டு சிக்கல் வந்தால் தீர்த்துவைக்கும்.

வீட்டுக்கு என்னென்ன வரி வரும்?

இரண்டு. ஒன்று தாக்ஸ் ஃபோன்சியேர், அதாவது சொத்துவரி. ஜனவரி 1 அன்று வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயருக்கு வரும். அக்டோபர் நடுவில் கட்ட வேண்டும். வருட நடுவில் வாங்கினால் விற்பவரும் வாங்குபவரும் நோட்டேர் (சொத்துப் பத்திரம், உயில் இவற்றைப் பதியும் சட்ட அலுவலர்) முன்னிலையில் நாட்கணக்கில் பிரித்துக்கொள்வது வழக்கம்.

இன்னொன்று தாக்ஸ் தாபித்தாசியோன், குடியிருப்பு வரி. இது 2023 முதல் ஒழிந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒழிந்தது நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடுகளுக்கு, இரண்டாவது வீட்டுக்கு இன்னும் உண்டு. டிசம்பர் நடுவில் கட்ட வேண்டும். வீட்டுத் தட்டுப்பாடு உள்ள ஊர்களில் நகராட்சி இதன்மேல் 5% முதல் 60% வரை கூடுதல் போடலாம். 2023 ஆகஸ்டில் அந்தப் பட்டியலை மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களாக விரித்துவிட்டார்கள், கடலோரமும் மலைச்சுற்றுலா ஊர்களும் நிறைய. பாரிஸ் 60% போடுகிறது. வீடு வாங்கும் முன் உள்ளூர் மேரிக்குப் போய் (நம் ஊராட்சி அலுவலகம் போன்றது) கூடுதல் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், தரகர் தானாகச் சொல்ல மாட்டார்.

300 யூரோவுக்கு மேல் உள்ள வரியை இணையத்திலோ வங்கிப் பிடித்தத்திலோதான் கட்ட முடியும். அதனால் பிரான்ஸில் ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், மின்சாரம், காப்பீடு எல்லாவற்றுக்கும் அது கைகொடுக்கும்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வரித்துறை இணையத்தில் கேட்கிறதே, பதில் சொல்லியாக வேண்டுமா?

கட்டாயம். 2023-இல் வந்த விதி இது. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்கும் பொருந்தும். இம்போ இணையதளத்தில் கணக்கு திறந்து, ‘என் சொத்துகளை நிர்வகி’ என்ற பகுதியில் அந்த வீடு இரண்டாவது வீடு, குடியிருப்பவர் நான்தான் என்று ஒரு தடவை பதிய வேண்டும். நிலைமை மாறினால் மட்டும் அந்த வருடம் ஜூன் 30-க்குள் திருத்த வேண்டும். பதியாவிட்டால் ஒரு வீட்டுக்கு 150 யூரோ வரை அபராதம். கணக்குத் திறக்க 13 இலக்க வரி எண் தேவை, அது உங்கள் பழைய சொத்துவரி ரசீதின் முதல் பக்கத்திலேயே இருக்கும். கணவன் மனைவி இருவர் பெயரில் வீடு என்றால் எண்ணும் இரண்டு. அதே வீட்டைத் தவறுதலாக ‘நிரந்தர வீடு’ என்றோ ‘காலி வீடு’ என்றோ குறித்துவிட்டால் வரி ரசீது குழம்பும், அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

காப்பீடு எடுத்திருக்கிறேன், அது போதாதா?

ஒப்பந்தத்தில் ஆளில்லா வீடு பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். வருடத்தில் 60 நாளோ 90 நாளோ வீடு பூட்டிக் கிடந்தால் திருட்டுக்கு நஷ்டஈடு இல்லை என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். இரண்டாவது வீடு என்று சொல்லித்தான் காப்பீடு எடுக்க வேண்டும். குளிர்காலத்தில் தண்ணீரை அடைத்துக் குழாயை வடித்திருக்க வேண்டும், கதவுப்பலகை மூடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் இருக்கும். செய்யாமல் போனால் குழாய் வெடித்த செலவு உங்கள் தலையில்தான்.

நடந்ததைத் தெரிவிக்கக் கெடு உண்டு. திருட்டு என்றால் தெரிந்ததிலிருந்து 2 வேலைநாள். தண்ணீர்க் கசிவு, தீ போன்றவற்றுக்கு 5 வேலைநாள். வெள்ளம், வறட்சியில் களிமண் சுருங்கிச் சுவர் விரிசல் விடுவது போன்ற இயற்கைப் பேரிடருக்கு, அந்த ஊர் பாதிக்கப்பட்டது என்று அரசிதழில் ஆணை வந்த பிறகு 30 நாள். இங்கிலாந்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அரசிதழ் யார் படித்துச் சொல்வார்? மேரியில் பேர் கொடுத்து மின்னஞ்சல் முகவரி விட்டுவந்தால் பல சிற்றூர்களில் அவர்களே தகவல் அனுப்புவார்கள்.

குளிர்காலத்துக்கு வீட்டைப் பூட்டும்போது என்னென்ன செய்ய வேண்டும்?

தண்ணீரில் ஆரம்பியுங்கள். பெரிய நாசம் எல்லாம் அதில்தான் வரும். மீட்டர் பெரும்பாலும் தெருவோரக் குழியில் இருக்கும், அங்கே இருக்கும் திருகை அடையுங்கள். வீட்டுக்குள் இருக்கும் முதன்மைத் திருகையும் அடையுங்கள். அடுத்து வீட்டிலேயே தாழ்வான இடத்தில், பொதுவாக நிலவறையிலோ சலவை அறையிலோ ஒரு வடிகுழாய் இருக்கும், அதன் கீழே வாளி வைத்துத் திறந்துவிடுங்கள். பிறகு மாடியிலிருந்து கீழே வரை எல்லாக் குழாயையும் திறந்து வைக்க வேண்டும், வெந்நீர்ப் பக்கமும். காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் முழுக்க இறங்கும். கழிப்பறைத் தொட்டியை ஒரு தடவை இழுத்துக் காலியாக்குங்கள். பீங்கானின் வளைவில் தேங்கும் நீரிலும் தொட்டிகளின் கீழ்வளைவிலும் நச்சில்லாத உறைதடுப்பு நீர்மத்தைக் கொஞ்சம் ஊற்றுங்கள். தோட்டக் குழாயை மறந்துவிடாதீர்கள். முதலில் வெடிப்பது அதுதான். வெந்நீர்க் கலனின் மின்சாரத்தை அணைத்த பிறகே அதை வடிக்க வேண்டும்.

ஃபிரிட்ஜைக் காலி செய்து, கதவு மூடாதபடி ஒரு துண்டை மடித்துச் செருகுங்கள், இல்லாவிட்டால் வசந்தத்தில் பூஞ்சை வரவேற்கும். மாவு, அரிசி, பருப்பு எல்லாம் தகர டப்பாவில் போக வேண்டும். பிளாஸ்டிக்கை எலி கடித்துவிடும். மாடத்தில் லுவார் என்ற அணில் மாதிரியான பிராணி குடியேறும், ஓட்டு இடுக்குகளைக் கம்பிவலையால் அடைத்துவிட்டுப் போங்கள். கல் வீட்டை முழுக்க இறுக மூடினால் ஈரம் பிடிக்கும், அதனால் காற்றுத் துளைகளை மட்டும் அடைக்கவே கூடாது.

சூட்டை முழுக்க அணைக்காமல் உறையாத அளவில் விட்டுப்போவதும் ஒரு வழி, அதற்கு மின்சாரம் தடைபடாமல் இருக்க வேண்டும். லிங்கி மீட்டர் இருந்தால் (பச்சைப் பெட்டி) தினசரி மின்செலவை இங்கிலாந்திலிருந்தே கணக்கில் போய்ப் பார்க்கலாம். ஜனவரியில் திடீரென்று பூஜ்யம் காட்டினால் சுவிட்ச் விழுந்திருக்கிறது என்று அர்த்தம், பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போட்டால் போதும்.

அந்தப் பக்கத்து வீடுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். சாவி ஒன்றை நம்பகமான அயலாரிடம் கொடுத்து, தபால் பெட்டியைக் காலி செய்யச் சொல்லுங்கள்; விளம்பரத் தாள் பிதுங்கும் பெட்டி திருடனுக்கு அழைப்பு. எங்கள் ஊரில் எதிர்வீட்டு அம்மா குளிர்காலத்தில் வாரம் ஒரு தடவை ஜன்னல் பலகையைத் திறந்து மூடிவிட்டுப் போவார், அதற்கு நாங்கள் காசு கொடுத்தால் வாங்க மாட்டார், கிறிஸ்துமஸுக்கு ஒரு டப்பா பிஸ்கட்டும் தேயிலையும் கொண்டுபோய்க் கொடுப்போம். ஊருக்குப் போனதும் கடைக்காரர், மேரிச் செயலர், அயலார் எல்லோருக்கும் ‘போன்ழூர்’ சொல்லிவிட்டு அப்புறம் பேச்சைத் தொடங்குங்கள். இதைச் சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வருபவரிடம் அங்கே முகம் கொடுக்க மாட்டார்கள்.

குழாய் கசிந்து தண்ணீர்க் கட்டணம் எகிறினால் ஒரு பாதுகாப்பு உண்டு. 2011-இல் வந்த சட்டப்படி, மீட்டருக்குப் பிறகான குழாயில் கசிவு இருந்து, செலவு வழக்கமானதைவிட இரண்டு மடங்குக்கு மேல் போனால், பிளம்பரிடம் சரிசெய்த சான்று வாங்கி ஒரு மாதத்துக்குள் அனுப்பினால், வழக்கமான அளவின் இரண்டு மடங்குக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. கழிப்பறைத் தொட்டியோ சலவை இயந்திரமோ ஒழுகினால் இது பொருந்தாது.

நான் இல்லாதபோது யாராவது புகுந்து குடியேறிவிட்டால்?

முன்பு இரண்டாவது வீட்டுக்குப் பெரிய பாதுகாப்பு இல்லை. 2020 டிசம்பரில் வந்த சட்டத்துக்குப் பிறகு இரண்டாவது வீட்டுக்கும் விரைவு வெளியேற்றம் கிடைக்கும்: போலீஸில் புகார், வீடு உங்களுடையது என்ற ஆதாரம், அத்துமீறல் நடந்திருக்கிறது என்ற பதிவு, மூன்றும் இருந்தால் மாவட்ட பிரிஃபெக்டிடம் (நம் ஆட்சியர் போன்றவர்) கேட்கலாம், அவர் 48 மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். 2023 ஜூலை 27 சட்டம் தண்டனையை 3 வருடச் சிறை, 45,000 யூரோ அபராதம் என்று உயர்த்தியது. நீங்களே போய்ப் பூட்டை உடைத்து ஆளை வெளியேற்றாதீர்கள், அது உங்கள் மேல் வழக்காகத் திரும்பும்.

வேலைக்கு ஆள் பிடிப்பது எப்படி? ஜன்னல் மாற்ற அனுமதி வேண்டுமா?

வேண்டும். வீட்டின் வெளித்தோற்றம் மாறும் எதற்கும், ஜன்னல் பலகையின் நிறத்தை மாற்றுவதற்குக்கூட, மேரியில் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். பதிலுக்கு ஒரு மாதம். பாதுகாக்கப்பட்ட தேவாலயமோ கோட்டையோ பக்கத்தில் இருந்தால், பொதுவாக 500 மீட்டருக்குள், அரசின் பாரம்பரியக் கட்டடக் கலைஞரும் பார்க்க வேண்டும். அப்போது இரண்டு மாதம். பிளாஸ்டிக் ஜன்னலை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் விஷயத்தில் நான் பிடிவாதமாக ஒன்று சொல்வேன்: பதிவு எண் இல்லாதவரிடம் கூரை, சுவர், குழாய், மின்சார வேலையைக் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு அருமையாக ஆங்கிலம் பேசினாலும் சரி. முதலில் தெவி என்ற எழுத்துமூல மதிப்பீடு வாங்குங்கள். அதில் சிரே எண் (அந்தத் தொழில் பதிவு எண்) இருக்க வேண்டும், பத்து வருடப் பொறுப்புக் காப்பீட்டின் சான்றும் கூடவே வேண்டும். கட்டடத்தின் உறுதியைப் பாதிக்கும் பழுதுக்கு அந்தப் பத்து வருடமும் அவர்தான் பொறுப்பு. கையில் காசாகக் கொடுத்துச் செய்த வேலைக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்? தவிர, இரண்டு வருடத்துக்கு மேல் பழைய வீட்டில் பழுதுபார்க்கும் வேலைக்கு மதிப்புக்கூட்டு வரி 20% அல்ல, 10%தான், இரண்டாவது வீட்டுக்கும் அப்படியே. ஆகஸ்டில் எந்த வேலையும் நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், எல்லோரும் விடுமுறையில் இருப்பார்கள்.

நீச்சல் குளம், தோட்டம் பற்றி ஏதாவது விதி?

தரைக்குள் கட்டிய குளத்துக்கு வேலி, அலாரம், மூடி, கூடாரம் நான்கில் ஒன்று கட்டாயம், 2003 ஜனவரி 3 சட்டம். குழந்தைகள் மூழ்குவதைத் தடுக்க வந்த விதி, இதில் அசட்டை வேண்டாம். வரித்துறைக்குச் சொல்லாமல் கட்டிய குளங்களை வான்படங்களை வைத்துக் கணினி கண்டுபிடிக்கிறது. முதல் சோதனையில் ஒன்பது மாவட்டங்களில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேல் சிக்கின.

தெற்கே காட்டுத்தீ அபாயம் உள்ள பகுதிகளில், காட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்தால், வீட்டைச் சுற்றி 50 மீட்டருக்குப் புதரை வெட்டிச் சுத்தமாக வைப்பது உரிமையாளரின் கடமை. அந்த 50 மீட்டர் பக்கத்து ஆளின் நிலத்துக்குள் போனாலும் அவரிடம் அனுமதி கேட்டு நீங்கள்தான் வெட்ட வேண்டும். கோடைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இல்லாத மாதங்களில் வாடகைக்கு விடலாமா?

விடலாம், ஆனால் காதும் காதும் வைத்தாற்போல் விட முடியாது. மேரியில் அறிவிக்க வேண்டும், சுற்றுலா வரி வாங்கிக் கட்ட வேண்டும், வருமானத்தைப் பிரான்ஸிலும் பிரிட்டனிலும் காட்ட வேண்டும் (பிரான்ஸில் கட்டியதற்குப் பிரிட்டனில் கழிவு கிடைக்கும்). 2024 நவம்பர் 19 சட்டம் நாடு முழுக்கப் பதிவு எண்ணைக் கட்டாயமாக்கி, 2026 மே 20-ஐக் கெடுவாக வைத்தது. நட்சத்திர வகைப்பாடு வாங்காத வீட்டுக்கு, 2025 வருமானத்திலிருந்து எளிய வரிமுறையில் 15,000 யூரோ வரைதான் இடம், கழிவு 30% மட்டும். வகைப்பாடு வாங்கினால் 50%. வருடத்தில் சில வாரம் விட்டு வரும் பணத்துக்கு இத்தனை தாள்வேலை தேவையா என்பதை ஆற அமர யோசியுங்கள்.

சாப்பாடு, நாய் இவற்றைக் கொண்டுபோகலாமா?

பிரிட்டனிலிருந்து இறைச்சியும் பால்பொருளும் கொண்டுபோகக் கூடாது; நெய்யும் இதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலை, காய்கறி, தொட்டிச் செடிக்கு எல்லாம் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஐந்துக்கும் விலக்கு. மசாலாப் பொடி, அரிசி, பருப்புக்குத் தடையில்லை. திரும்பி வரும்போது, 2025 ஏப்ரல் 12 முதல் மாடுகளுக்கு வரும் கோமாரி நோய்த் தடுப்பு காரணமாகப் பிரிட்டனும் பாலாடைக்கட்டி, இறைச்சியைத் தடை செய்தது, ஆகவே சந்தையில் வாங்கிய காமம்பேர் பாலாடைக்கட்டியை அங்கேயே சாப்பிட்டு முடியுங்கள்.

நாய்க்கு பிரிட்டிஷ் மருத்துவரிடம் விலங்கு நலச் சான்றிதழ் வாங்க வேண்டும், புறப்படுவதற்கு 10 நாளுக்குள், ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக. திரும்பும்போது 24 மணி நேரத்துக்குக் குறையாமல் 120 மணி நேரத்துக்கு மிகாமல் முன்பு, நாடாப்புழு மருந்து கொடுத்து அங்குள்ள மருத்துவர் பதிந்திருக்க வேண்டும்.

எங்களுக்குப் பிறகு வீடு யாருக்குப் போகும்? இங்கிலாந்தில் எழுதிய உயில் செல்லுமா?

இதைத் தள்ளிப்போடாதீர்கள், நான் பார்த்ததில் குடும்பங்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். பிரெஞ்சுச் சட்டப்படி பிள்ளைகளை ஒதுக்க முடியாது. ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இருவர் என்றால் மூன்றில் இரண்டு பங்கு, மூவர் அல்லது அதற்கு மேல் என்றால் முக்கால் பங்கு அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் 2015 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய விதி, நீங்கள் குடியுரிமை வைத்திருக்கும் நாட்டின் சட்டத்தை உயிலில் தேர்ந்தெடுக்க அனுமதிக்கிறது; பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் பிரிட்டன்காரர்கள் இதைப் பயன்படுத்தலாம். ‘இங்கிலாந்துச் சட்டம் பொருந்த வேண்டும்’ என்று உயிலில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். 2021 நவம்பரில் பிரான்ஸ் இதற்கு ஒரு முட்டுக்கட்டை போட்டது: இறந்தவரோ பிள்ளைகளில் ஒருவரோ ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருந்தால், விடுபட்ட பிள்ளை பிரான்ஸில் உள்ள சொத்திலிருந்து தன் பங்கைக் கேட்கலாம்.

வரி வேறு கணக்கு. எந்த நாட்டுச் சட்டப்படி பிரித்தாலும், பிரான்ஸில் இருக்கும் வீட்டுக்குப் பிரெஞ்சு வாரிசு வரி உண்டு. கணவன் மனைவிக்குள் வரி இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பெற்றோரிடமிருந்தும் 100,000 யூரோ வரை விலக்கு. ஆனால் கல்யாணமாகாமல் சேர்ந்து வாழும் துணைக்கும், துணையின் முதல் கல்யாணத்துப் பிள்ளைக்கும் வெறும் 1,594 யூரோதான் விலக்கு, மிச்சத்துக்கு 60% வரி. அப்பாவாக, அம்மாவாக இருபது வருடம் வளர்த்த பிள்ளையாக இருந்தாலும் தத்தெடுக்காவிட்டால் சட்டத்துக்கு அவர் அந்நியர். அப்படிப்பட்ட குடும்பம் என்றால் வீடு வாங்கும் முன்பே, யார் பெயரில் எப்படி வாங்குவது என்று நோட்டேரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வாங்கிய பிறகு மாற்றுவது செலவும் அலைச்சலும். பிரிட்டனில் இறந்தவரின் பிரான்ஸ் சொத்துக்கான வாரிசு வரி அறிக்கையை 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், பிரான்ஸிலேயே இறந்திருந்தால் 6 மாதம். பிள்ளைகளுக்கு நோட்டேரின் முகவரியும் வரி எண்ணும் இருக்கும் கோப்பு எங்கே இருக்கிறது என்று இப்போதே சொல்லிவையுங்கள்.